தட்டில் காட்டிய சதை

செவ்வாய், இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை.

காலையில் படாளத்திலிருந்து ஒரு விவசாயியும் அவர் மனைவியும் என் கிளினிக்குக்கு வந்தார்கள். அவருக்கு மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது, தொட்டாலே ரத்தம் வருகிறது. விளக்கு வைத்துப் பார்த்தேன். சாதாரணச் சதை வெளிறிப்போய்த் தொங்கும், இப்படி ரத்தம் வராது. இது மூக்கின் நடுச்சுவரிலிருந்தே முளைத்திருக்கிறது.

"போன வருஷமே ஒருவாட்டி எடுத்தாங்க மேடம். மறுபடியும் வளந்துகினே கீது," என்றார் அவர்.

எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டேன். மனைவி சட்டென்று செல்போனை நீட்டினார்.

"தட்டுல வச்சி எங்களுக்குக் காட்டுனாங்க மேடம். போட்டோ கூட கீது, பாருங்க."

எவர்சில்வர் தட்டில் சிவப்பாக ஒரு துண்டு.

"இது இப்போ எங்கேம்மா?"

"அப்பவே குப்பைல போட்டுட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை லேபுக்கு அனுப்பியிருந்தால் புற்றா இல்லையா என்று அப்போதே தெரிந்திருக்கும். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டத் தெரிந்த டாக்டருக்கு, ஒரு பாட்டிலில் போட்டு அனுப்பத் தெரியவில்லை. என்ன படித்துக் கிழித்தான்?

போட்டோவைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது. ஒரு சின்னத் துண்டை எடுத்து நானே அனுப்பியிருக்கிறேன். முடிவு வரட்டும். நல்லதாக வரட்டும்.

கிளம்பிப் போன அந்த அம்மா வாசலிலிருந்து திரும்பி வந்து, மெதுவாகக் கேட்டார்:

"குப்பைல போடாதீங்கன்னு நான் சொல்லியிருக்கணுமா மேடம்?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் இன்றைக்கும் யார் முன்னாலோ தட்டை நீட்டியிருப்பான்.