இரைச்சல் இல்லாத ஒன்பது நாட்கள்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நன்றாக இருக்கிறீர்கள் என்று போன வாரம் உன் குரலிலேயே தெரிந்துவிட்டது, அதனால் அதைத் திரும்பக் கேட்கவில்லை. இங்கே அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறார், எனக்குப் படியேறும்போது இடது முழங்கால் மட்டும் முனகுகிறது, மற்றபடி நாள் ஓடுகிறது. கடிதமா என்று நீ ஆச்சரியப்படுவாய். போன் இருப்பது அப்பாவின் கட்டில் தலைமாட்டில். அவர் காதுபட இதைச் சொல்ல முடியாது. காற்று மெத்தை போட்டிருந்தும் அப்பாவுக்குப் படுக்கைப் புண் எப்படி வந்தது என்று நீ கேட்டாய், நான் தெரியவில்லை என்றேன். அது பொய். தெரியும்.

என் ரேடியோவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பாவைப் பார்ப்பதற்கு முன்பே ஹாம் ரேடியோவில் பேச லைசென்ஸ் எடுத்தவள் நான். பகலெல்லாம் தண்ணீர் வாரியத்துப் பரிசோதனைக்கூடத்தில் பாட்டில் பாட்டிலாகக் குளோரின் பார்த்துவிட்டு வந்து, முகம் கழுவி, உனக்குப் பாலைக் கையில் கொடுத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். அம்மா உலகத்தில் எல்லாரிடமும் பேசுவாள், என்னிடம் மட்டும் பேச்சு முடிந்தது, ஓவர் என்பாள் என்று உன் டீச்சரிடம் சொல்லி மானத்தை வாங்கினாயே. ஓய்வு பெற்ற பிறகு நாள் முழுக்கப் பேசலாம் என்று நினைத்தேன், அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்தது. அதன்பின் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம்தான் எனக்கென்று மிஞ்சியது. அந்த நேரத்தில்தான் எங்கள் கூட்டம் கூடும், மாட்டு டாக்டர், கப்பல் சமையல்காரர், இரண்டு வாத்தியார்கள், யாரையும் நேரில் பார்த்ததில்லை, எல்லார் வீட்டுச் சளி இருமலும் எனக்குத் தெரியும்.

நீ மெத்தை வாங்கி அனுப்பிய அதே வாரம் கட்டிடத்தில் லிப்ட் மோட்டாரை மாற்றினார்கள், கீழ்வீட்டுத் தையல்காரரும் புது மோட்டார் மெஷின் வாங்கினார். அன்றிலிருந்து ரேடியோவில் தகரத்தின்மேல் மணலைக் கொட்டுகிற மாதிரி ஓயாத இரைச்சல், மனிதக் குரல் ஒன்றும் எழவில்லை. லிப்டை நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன், குறையவில்லை. அப்படியானால் தையல்காரர்தான் என்று முடிவு கட்டிக் கீழே போய்ச் சண்டை போட்டேன். நான் சண்டை போடுகிற ஆளா சொல், ராத்தூக்கம் இல்லாததும் சேர்ந்துகொண்டது. அவர் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அம்மா நான் தைக்கிறதா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க என்றார். இரண்டு மாதம் ஹெட்போனைத் தொடவே வெறுப்பாக இருந்தது. பிறகு ஒரு நாள் கரண்ட் போனது. என் ரேடியோ செட்டு பேட்டரியில் ஓடுவது, போட்டால் கண்ணாடி போலத் துல்லியம். மாட்டு டாக்டர் ஒரு எருமையிடம் உதை வாங்கிய கதையைச் சொல்ல, நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மறுநாள் கரண்ட் இருந்தது, ஆனால் ஐந்தேகாலுக்கு இரைச்சல் தானாக நின்றது. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒன்பது நாட்கள். தையல்காரர் மனம் இரங்கிவிட்டார் என்று நினைத்துக் கீழே போய் நன்றி வேறு சொன்னேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, நான் ஒண்ணும் பண்ணலையேம்மா என்றார். ரொம்ப நாள் கழித்து வழி கிடைத்த சந்தோஷத்தில் நான் ஒரு மணி நேரத்தை இரண்டாக்கினேன், ஒரு நாள் மூன்று கூட ஆனது. எழுந்து போய்ப் பார்க்கும்போதெல்லாம் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். தூங்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

பத்தாம் நாள் காலையில் நர்ஸம்மா அவரைப் புரட்டித் துடைக்கும்போதுதான் முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் தோல் உரிந்திருந்ததைக் காட்டினாள். மெத்தைக்குக் காத்தடிக்கிற பம்பு எப்பவும் ஓடிக்கிட்டுதானே இருக்கு என்று கேட்டாள். ஓடுகிறது என்று அடித்துச் சொன்னேன். அன்று சாயங்காலம் இரைச்சல் நின்ற அந்த நொடியில், ஏனோ தெரியவில்லை, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலிகூட நகராமல் எழுந்து அப்பாவின் அறைக்குப் போனேன். அவருடைய இடது கை கட்டிலோரம் இருக்கிற சுவிட்சுப் பெட்டியின்மேல் இருந்தது. மெத்தையின் பம்பு ஓடவில்லை. இரைச்சல் லிப்டும் இல்லை தையல் மெஷினும் இல்லை, நம் வீட்டு மெத்தையின் பம்பு மோட்டார்தான். கரண்ட் போய்ப் பம்பு நின்ற அன்று நான் சிரித்தது கேட்டு அவர் கண்டுபிடித்திருக்கிறார். ரேடியோவில் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாத மனுஷன். நான் பேசி முடிக்கும்வரை காற்று இறங்கின மெத்தையில் அசையாமல் கிடந்து, நான் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டதும் போட்டுவிடுவாராம். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தினேன். அந்தப் பம்பு சத்தம் காதைக் குடையுது, உனக்காகன்னு நெனச்சுக்காத என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செட்டை மூடிப் போர்வையைப் போட்டுவிட்டேன். மூன்று வாரம் அந்த அறைக்குள் துடைக்கக்கூடப் போகவில்லை. அப்பா கைப்பயிற்சியை நிறுத்திவிட்டார். நீ ரேடியோல பேசாத வரைக்கும் நானும் கையத் தூக்கப் போறதில்ல என்று சின்னப் பிள்ளை மாதிரி ஒரே பிடிவாதம். இரண்டு பேரையும் சேர்த்து வைத்துத் திட்டியது நர்ஸம்மாதான். அரை மணி நேரம் நிறுத்தினா ஒண்ணும் ஆகாது, முதல்ல ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, முதுகுக்குத் தலையணை குடுங்க, மணியப் பாத்து எழுந்து வாங்க, இதுக்கு ரெண்டு பேரும் இவ்வளவு நாடகம் ஆடணுமா என்றாள். தையல்காரரிடம் போய் மன்னிப்பும் கேட்டேன். அவர் தைத்துத் தருவதாக என் கிழிந்த தலையணை உறையை வாங்கி வைத்துக்கொண்டார்.

நேற்றுதான் முதல் நாள். கப்பல் சமையல்காரர் எங்கே போய்விட்டாய் என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திராமல் தன் மகள் கல்யாணத்தைச் சொல்ல ஆரம்பித்தார். அரை மணி ஆனதும் பாதிப் பேச்சில் வெட்டிக்கொண்டு எழுந்து போனேன். அதுக்குள்ளயா என்றார் உன் அப்பா. புண் ஆறி வருகிறது, இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்கிறாள் நர்ஸம்மா. நான்தான் ரொம்பக் களைத்திருக்கிறேன், கண்ணு. நான் சிரிக்கச் சிரிக்க அவருக்கு அங்கே தோல் வெந்துகொண்டிருந்தது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்த ஒன்பது நாளும் எனக்கு நன்றாக இருந்தன, அதையும் உன்னிடம் மறைக்க மனமில்லை.

உன் மெத்தைமேல் ஒரு தப்பும் இல்லை, அவசரப்பட்டு வேறொன்று அனுப்பாதே. இதைப் பற்றி அப்பாவிடம் மூச்சு விடாதே. குட்டிக்குச் சளி பிடித்தால் அலட்சியம் வேண்டாம். மூவரும் நோய்நொடி இல்லாமல், மனம்விட்டுப் பேசிக்கொண்டு, நிறைவாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். இங்கே ஐந்திலிருந்து ஐந்தரை வரை மட்டும் போன் செய்யாதே, நான் எடுக்க மாட்டேன். அப்பா எடுத்தால், அம்மா வேலையா இருக்கா என்று சொல்வார், நம்பிவிடு.

அன்புடன்,
உன் அம்மா