பிளெக்ஸில் ஏறிய ஆயுதம்

14.9.2025, ஞாயிறு

வந்தார்கள், பார்த்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை பெயர் மாரிக்கண்ணன். திருவேங்கடத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப். தனியாகப் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள். சமையல் தெரியுமா என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது:

"டீச்சர், ஸ்பேனருக்குச் சந்தனம் வச்சி ஆயுத பூசைன்னு கும்பிடுதோம். அது என்ன சண்டையா போடுது? ஆயுதம்னா என்ன அர்த்தம்?"

ஐந்தாவது மாப்பிள்ளை இவர். தமிழ் டீச்சரிடம் தமிழ் கேட்ட முதல் ஆள்! பதிலையும் அவரே வைத்திருந்தார். "ஆயுளுக்கு உதவுறதுதான் ஆயுதம். வாட்ஸ்அப்ல வந்துச்சு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, தேடிச் சொல்கிறேன் என்றேன். நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் பிடித்திருக்கிறது. ரொம்பவே.

15.9.2025

பள்ளி அகராதியை மேசையில் போட்டுப் புரட்டினேன். ஆயுதம் வடசொல். 'யுத்' என்றால் போரிடுவது, யுத்தமும் அந்த வேர்தான். ஆயுளும் இல்லை, உதவியும் இல்லை.

சரி, தமிழில் என்ன? படை! இன்று படை என்றால் சேனைதான் நினைவுக்கு வருகிறது. பழைய தமிழில் கையில் பிடிக்கும் ஆயுதமும் படை, கருவியும் படை. உழுபடை என்றால் கலப்பை! வெட்டுவதும் உழுவதும் ஒரே சொல்லுக்குள். அப்படியானால் ஸ்பேனரும் படைதானே? ஸ்டாஃப் ரூமில் கத்தியே விட்டேன்.

அம்மாவிடம் சொன்னால் — "ஏட்டி, தாலி ஏறட்டும், பொறவு திருத்து. போன வரன் எதுக்குப் போச்சுன்னு மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அவர்கள் கொண்டுவந்த கல்யாணப் பத்திரிகை மாதிரியைச் சிவப்பு மையால் திருத்தினேன். அதோடு போனவர்கள்தான்.

20.9.2025

மாரிக்கண்ணன் போட்டோ அனுப்பியிருக்கிறார். ஒர்க்‌ஷாப் பூஜைக்கு ஆளுயர பிளெக்ஸ்: 'ஆயுளுக்கு உதவுவதே ஆயுதம்!' கீழே, "நல்லாருக்கா டீச்சர்?"

கடவுளே.

21.9.2025

போனில் சொல்லிவிட்டேன். யுத், படை, உழுபடை, எல்லாம் ஒரே மூச்சில். "சரி, கஸ்டமர் வந்துட்டாரு" என்று வைத்துவிட்டார்.

பொய்யாவது சொல்லியிருக்கலாமோ? முடியாது. திருத்தினால் ஓடுகிறவரோடு ஆயுசுக்கும் வாயை மூடிக்கொண்டு எப்படி இருப்பேன்? ஆனா இவரு போனா... இவரு போகக் கூடாது.

26.9.2025

போன் இல்லை. அம்மாவும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

1.10.2025, புதன்

அவர் அம்மா போன் பண்ணி எங்களைப் பூஜைக்கு அழைத்தார். அம்மாவும் நானும் பஸ்ஸில் போனோம். பிளெக்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது — திருப்பிப் போட்டு! வெள்ளைப் பக்கத்தில் பச்சைப் பெயிண்டால்: 'ஆயுதம் வடசொல். தமிழில் படை. ஸ்பேனரும் படையே. திருத்தியவர்: இசக்கிசெல்வி டீச்சர்.' என் பெயர்! தெருவே பார்க்க!

"ஏன் போனே பண்ணல?" என்றேன்.

"மொதல்ல கோவம் வந்துச்சு டீச்சர், காசு குடுத்து அடிச்ச பிளெக்ஸ்லா. நீங்க சொன்னது தப்பா இருக்கும்னு லைப்ரரிக்குப் போயி தேடுனேன். தப்பா இல்ல."

சிவப்பு மைக் கதையை நானே சொன்னேன். பொரி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். திரும்பும்போது பஸ்ஸிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், புரட்டாசி முடியட்டும், ஐப்பசியில் நாள் பாருங்கள் என்று.

12.10.2025, ஞாயிறு

மாரிக்கண்ணன் வந்தார். எங்கள் பத்திரிகை மாதிரியை என் முன்னால் விரித்தார். சட்டைப் பையிலிருந்து புதுச் சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அதன் மேல் வைத்தார்.