கறுப்புப் பெட்டையின் கால்

ஜமுனாமரத்தூர் மலை,
கார்த்திகை 3, 1983

அன்பு மகள் அம்சவல்லிக்கு அம்மா எழுதுவது. நான் நல்ல சுகம். எல்லாரும் வழக்கத்துக்கு எழுதுகிற சுகம் இல்லை, நிசமான சுகம். நேற்றுகூட தண்ணீர் சுமந்தேன், சாமை குத்தினேன், உங்கப்பாவோடு சண்டையும் போட்டேன். அதனால் அம்மா சீரியஸ் உடனே புறப்படு என்று மதுரைக்குத் தந்தி ஏதாவது வந்தால் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதே, அழவும் அழாதே. தந்தியை ஓரமாகப் போட்டுவிட்டு நர்ஸ் படிப்பைப் பார். ஏன் என்று சொல்கிறேன், ஆனால் கோழியிலிருந்து ஆரம்பித்தால்தான் உனக்குப் புரியும்.

உங்கப்பா செங்கம் சந்தையில் ஒரு கறுப்புப் பெட்டை வாங்கி வந்தார். புதுக்கோழி வீடு பழக இரண்டு மூன்று நாள் காலில் கட்டிப்போடுவோமே, அப்படித்தான் கட்டினார். அது முதல் நாளே கயிற்றை உருவிக்கொண்டு புளியமரத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. ரோஷம் வந்து நைலான் நூலை எடுத்து இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டார். மூன்று நாள் ஆகியும் அவிழ்க்கவில்லை, ஓடிப்போய்விடுமாம். சாமை அறுப்பு வேலையில் நானும் தீனியைப் போட்டுவிட்டுப் போனேனே தவிர குனிந்து பார்க்கவில்லை. ஒருநாள் தீனிக்கு எழுந்திருக்கவில்லை. தூக்கிப் பார்த்தால் நூல் சதைக்குள் புதைந்து பாதம் கொழுக்கட்டை மாதிரி வீங்கி அனலாய்க் கொதிக்கிறது, சேற்றில் மறைந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. உங்கப்பா, இது இனிமே எந்திரிக்காது, அறுத்துக் கொழம்பு வச்சிடலாம் என்றார். அந்த நேரம் பார்த்து உன் அத்தை மாணிக்கம்மாள் வந்தாள். தையில் உனக்கும் அவள் மகன் சேட்டுவுக்கும் கல்யாணம் வைக்கணுமாம், மதுரையில் இன்னும் ஒரு வருசம் விட்டால் நீ கைக்கு அடங்கமாட்டாயாம். நீயாக வரமாட்டாய், அதனால் எனக்குச் சீரியஸ் என்று தந்தி அடிக்கலாம் என்றாள். உங்கப்பா தலையை ஆட்டினார். குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிற என்னைப் படுக்கையில் தள்ளுகிறீர்களே, பிள்ளை பதறிப்போகாதா என்று கேட்டேன். இன்னாடி செல்லி, கோழி மிதிச்சுக் குஞ்சு சாவுமா என்றாள் அத்தை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கோழியும் குழம்புக்குப் போகாது, என் பெண்ணும் படிப்பை விட்டு வரமாட்டாள் என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

பழைய சேலையில் கோழியை இறக்கையோடு சுற்றினேன், கண்ணை மூடினால் அடங்கிவிடும். கட்டினவரே பிடிக்கட்டும் என்று உங்கப்பா மடியில் வைத்தேன். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, அழுக்கு இளகி நூல் தெரிந்ததும் புது பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து எடுத்தேன். கழுவித் துடைத்து வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, லீவுக்கு வந்தபோது நீ விட்டுப்போன பேண்டேஜ் துணியால் நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே இறுக்காமல் கட்டினேன். விரல் சில்லிட்டால் கட்டு இறுக்கம் என்று சொன்னாயே, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ரத்தத்தைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தும் என்று தனிக் கூடையில் வைக்கோல் போட்டு வைத்தேன், கேழ்வரகுக் கூழும் கொட்டாங்குச்சியில் தண்ணீரும் பக்கத்திலேயே. காலையும் மாலையும் கட்டு மாற்றினேன். அப்படியும் ஒரு விரல் கறுத்து உதிர்ந்துவிட்டது. பாத்தியா என்றார் உங்கப்பா. கிளறித் தின்ன மிச்ச விரல் போதும் என்றேன். கோழி கால் ஊன்ற ஆரம்பித்ததும் மறுபடி கட்ட நூலைத் தேடினார். அதை அடுப்பில் போட்டுவிட்டேன் என்றேன்.

அவிழ்த்துவிட்ட முதல் நாள் நொண்டிக்கொண்டே புளியமரத்துப் பக்கம் போனது. பொழுது சாய்ந்தது, பனி இறங்கியது, வரவில்லை. எனக்குள் பயம்தான், வெளியே காட்டவில்லை. உங்கப்பா வேலி ஓரத்திலேயே நின்றார். கடைசியில் தத்தித் தத்தி வந்து தானாகவே கூடையில் ஏறிப் படுத்தது. அப்போதுதான் சண்டை போட்டேன். ஓடிடும்னு கட்டினீர்கள், கால் போகப் பார்த்தது, பெண்ணுக்கும் அதையேதான் செய்யப் பார்க்கிறீர்கள், பொய்த் தந்தியில் இழுத்து வந்தால் அப்புறம் நாம் நிசமாகவே செத்தாலும் அவள் நம்புவாளா என்று கேட்டேன். விடிந்ததும் உங்கப்பா அக்கா வீட்டுக்குப் போய் தந்தி வேணாம் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆனால் அத்தை கேட்கிற ஆள் இல்லை, உன் விலாசமும் அவள் கையில் இருக்கிறது. அமாவாசை கழித்து சேட்டு போளூர் போகிறான், அங்கே தந்தி ஆபீஸ் இருக்கிறது. அதற்குள் இது உன்னிடம் வந்து சேரணும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். சேட்டு உனக்குப் பிடிக்கும், பிடிக்காது என்பதைப் படிப்பு முடித்து வந்து நீயே சொல். அதுவரைக்கும் இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு டூட்டிக்குப் போகாதே. வரும்போது பேண்டேஜ் துணி கொண்டு வா, உன்னுடையதைக் கறுப்பி கட்டித் தீர்த்துவிட்டாள். வேடியப்ப சாமி உன் கூடவே இருந்து நல்ல புத்தியும் நல்ல உடம்பும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
கல்லு மாதிரி இருக்கிற உன் அம்மா
செல்லியம்மாள்

இதை உங்கப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தானே போய்த் தபாலில் போடுகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார். நீங்கள் சொன்னதாக ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன். கூடையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எப்ப வரணும்னு தோணுதோ அப்ப வரட்டும், கதவு தெறந்துதான் கெடக்கும்னு எழுது என்றார்.