அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள்

சமையலறை அலமாரியை இன்று திறந்ததும் வினிகர் வாடை முகத்தில் அடித்தது. நம் மருமகள் மரிசெல் பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு மீன் வேகவைப்பாளே, அதே புளித்த வாடை. அவள் இங்கே இருந்தவரை அதைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தவள் நான். இன்று போத்தலின் மூடியை இறுக்கிவிட்டு, அலமாரிக் கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். உங்களிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது.

குவைத்தில் தன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் நர்ஸை நம் மகன் கல்யாணம் செய்து முட்டத்துக்குக் கூட்டி வந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். கன்னியர் பள்ளியில் நான் கற்ற ஆங்கிலத்தில் அவளிடம் பேசியது 'உட்கார்', 'சாப்பிடு', 'போதும்' என்பவை மட்டுமே. நீங்களோ கீரிப்பாறை ரப்பர் தோட்டத்து ஆபீசில் பழகிய ஆங்கிலத்தில் அவளுடைய ஊர், அவளுடைய மழை, அவர்கள் பிடிக்கும் மீன் என்று மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பிறகு என்னிடம் வந்து, "நீ படிச்ச இங்கிலீஷ் எல்லாம் மூஞ்சியத் தூக்கி வைக்கதுக்குத்தானாட்டி?" என்றீர்கள்.

அவளுக்குக் குடியுரிமை வாங்க வேண்டும் என்று முதலில் சொன்னதும் நீங்கள்தான். "பிள்ளையும் இல்ல. நாம ரெண்டுபேரும் போன பொறவு, நம்ம பயலுக்கு ஒண்ணு ஆச்சின்னா, நீ யாருன்னு அவள ஒருத்தனும் கேக்கப்பிடாது." சட்டம் சொன்ன நிபந்தனை உங்களைத் தயங்க வைக்கவில்லை. இந்தியக் குடிமகனை மணந்தவள் ஏழு வருடம் இந்த நாட்டில் குடியிருந்திருக்க வேண்டும். அதிலும், விண்ணப்பம் கொடுப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மாதமும் நாட்டை விட்டு வெளியே போகாமல் இருந்திருக்க வேண்டும். மகனால் வேலையை விட்டு வர முடியவில்லை. ஆகவே புருஷன் கடலுக்கு அப்பால் இருக்க, புருஷனுடைய நாட்டுக்காரியாக ஆவதற்காக அவள் நம்மோடு வந்து இருந்தாள். அப்படி ஒரு வாழ்க்கையை நம் சொந்த மகளுக்குக் கேட்டிருப்போமா என்று நான் அன்றே நினைத்தேன்.

கடற்கரையில் மீன் விற்கும் பெண்களிடம் அவள் தமிழ் படித்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. உங்களுக்கோ அதில் தனி சந்தோஷம். விசா நீட்டிக்க வருடந்தோறும் நாகர்கோவிலுக்கு அவளைக் கூட்டிப்போவது நீங்கள்தான். ஒரு முறை அதிகாரி, "நீங்க தொடர்ந்து இங்கதான் தங்கியிருக்கீங்களா?" என்று கேட்டாராம். "பின்ன? இஞ்சதான் சார் கெடக்கேன். இவரு மாத்திரைய முழுங்காம ஜன்னல் வழியா எறிவாரு. நான் எங்க போவ?" என்றாளாம். வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டினீர்கள். "ஆபீசரு பேனாவ வச்சிட்டுச் சிரிச்சாரு, கேட்டியா?" என்றீர்கள். மாத்திரை விஷயம் எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது.

உங்கள் உடம்பில் ஒரு பக்கம் விழுந்த பிறகு, உங்களைத் திருப்பிப் படுக்க வைத்ததும், முதுகில் புண் வராமல் காத்ததும் அவள்தான். என்னால் அந்த வேலை முடியவில்லை. அந்த நாட்களில் ஒரு சாயங்காலம், குழறிய வாயால் அவளிடம் வாக்கு வாங்கினீர்கள். பாதியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது, குடியுரிமையை வாங்கியே தீர வேண்டும் என்று. அவள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். அப்போது எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்த வருடம்தான் அந்தக் கடைசிப் பன்னிரண்டு மாதம். அதில் பாதிக்கு மேல் போன பிறகு, அவளுடைய அம்மா படுக்கையில் விழுந்த செய்தி வந்தது. அவள் ஒன்றும் நடக்காதவள்போல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். போய்ப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"போனா மொதல்லேருந்து ஒரு வருசம் இருக்கணும் மாமி. மாமாகிட்ட சொல்லியிருக்கேன்லா."

உங்களிடம் நான் கேட்க வேண்டியது இதைத்தான். உங்களுடைய சாவுக்குப் பக்கத்தில் இருந்தவளைத் தன் தாயின் சாவுக்குப் பக்கத்தில் இருக்க விடாத வாக்கை நீங்கள் வாங்கியிருப்பீர்களா? தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டீர்கள். அந்த நம்பிக்கையில், உங்கள் சார்பில் நானே அவளை விடுவித்தேன். "மாமா சொன்னதுக்கு நான் பொறுப்பு. கிளம்பு" என்றேன்.

ஒரு மாதத்துக்குள் திரும்பிவிட்டால், காரணத்தைச் சொல்லி, அந்த இடைவெளிக்கு அரசாங்கத்திடம் விலக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்று வக்கீல் சொன்னார். அதன் பிறகு நம் மகன் தினமும் போன் செய்தான். "அவ அம்மாவுக்கு எப்படி இருக்கு?" என்பான். அந்தக் கேள்விக்குள் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். என்னிடமும் அதுவே இருந்தது. மருமகள் நேரத்தில் திரும்ப வேண்டுமானால் அந்த அம்மாள் நேரத்தில் சாக வேண்டும். செபமாலை கையில் இருக்கும்போது அந்த நினைப்பு வந்தது. மாலையைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த மாதம் முடிந்த அன்று மரிசெல் கூப்பிட்டாள். "மாமி, அம்மா இன்னைக்கு கஞ்சி குடிச்சா" என்றாள். சந்தோஷப்படப் பயந்த குரல். "இருந்து பாத்துட்டு வா மக்கா" என்றேன். அவளை மக்கா என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நேற்று, அவள் இங்கேதான் இருக்கிறாளா என்று வருடந்தோறும் விசாரிக்க வரும் போலீஸ்காரர் வந்தார்.

"மருமவ எங்கம்மா?"

"அம்மா வீட்டுக்குப் போயிருக்கா."

"பிலிப்பைன்ஸுக்கா? இந்த வருசமா?" அவர் எழுதுவதை நிறுத்தினார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, "நான் வேணும்னா இருக்காங்கன்னு போட்டுட்டுப் போறேன்" என்றார்.

"இல்லாதவள இருக்கான்னு எழுதாண்டாம் தம்பி. வந்த பொறவு எழுதுனா போதும்."

"அப்போ திரும்பவும் ஒரு வருசம்லாம்மா?"

"ஆவட்டும்."

அவர் போன பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. தாய் படுத்துக் கிடக்கிறாள் என்று போன பெண்ணை இந்த ஊரில் யாரும் வீட்டை விட்டுப் போனவளாக எண்ணுவதில்லை. அவள் தலையணை அவள் கட்டிலில்தான் கிடக்கும். சட்டத்துக்கு மட்டும் எப்படி அது தெரியாமல் போயிற்று என்று புரியவில்லை.

திரும்பி வருவாயா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் வருவேன் என்றுதான் சொல்வாள். இன்னொரு வாக்கை அவள் தலையில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. வராமலும் போகலாம். வந்தாலோ, முதலிலிருந்து ஒரு வருடம் அவள் இங்கே குடியிருக்க வேண்டும். நம் மகன் அங்கே. நானும் இல்லாவிட்டால் யாருடைய வீட்டில் குடியிருப்பாள்?

நீங்கள் போனதிலிருந்து ஒவ்வொரு இரவும் உங்களிடம் என்னைச் சேர்த்துவிடும்படி ஆண்டவரிடம் கேட்டு வந்தேன். நேற்று கேட்கவில்லை. சட்டம் அவளிடம் கேட்கும் அந்த ஒரு வருடத்தை எனக்கும் தரும்படி கேட்டேன். கல்லறையில் உங்கள் பக்கத்து இடம் கொஞ்ச நாள் காலியாகவே இருக்கட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.