முன் இருக்கையில் சிமலோய்

ஜூன் 9

சிமலோய் இன்று சப்பாத்தி போட்டாள். காரணமில்லாமல் போட மாட்டாள். மூன்றாவதைத் தின்னும்போது விஷயம் வெளியே வந்தது. அவள் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் ஐந்து பேர், அவளையும் சேர்த்து, ஆகஸ்ட் விடுமுறையில் மாசாய் மாரா சரணாலயத்துக்குப் போகிறார்களாம். வைல்டுபீஸ்ட் என்கிற காட்டு மாட்டு மந்தை ஆறு தாண்டுவதைப் பார்க்க வேண்டுமாம். வண்டி ஓட்டப்போவது நானாம்.

"ஊர் உலகமெல்லாம் வந்து பாத்துட்டுப் போகுது. பக்கத்துல நரோக்ல இருக்கிற நான் பாத்ததில்ல. பத்தொம்பது வருஷமா என் புருஷன் அங்கதான் வண்டி ஓட்டுறார்."

வாய் நிறையச் சப்பாத்தி. நாலாவதையும் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 10

இங்கே மட்டும் எழுதுகிறேன். எனக்குத் தூரத்தில் இருப்பது தெரியவில்லை. போன மழைக்காலத்திலிருந்தே. பக்கத்துச் சாலை தெரிகிறது. அதற்கு அப்பால் எல்லாம் பால் ஊற்றிய தேநீர். எங்கே என்ன மிருகம் நிற்கிறதென்று எங்கள் கம்பெனியின் இன்னொரு ஓட்டுநர் முட்டுவா தன் வண்டியிலிருந்து ரேடியோவில் சொல்கிறான், அதை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. அவனுக்கும் என் கண் சங்கதி தெரியாது. நான் சோம்பேறியாகிவிட்டேன் என்று நினைக்கிறான். நினைக்கட்டும். கண் தெரியாத சஃபாரி ஓட்டுநரை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்?

ஜூலை 2

தலைமையாசிரியை அகினி டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் கால அட்டவணை. 8.00 – 8.40 சிங்கம். 8.40 – 9.20 யானை. இடைவேளை. 11.00 ஆறு தாண்டுதல்.

"பதினொரு மணிக்கு மந்தை வரலைன்னா?"

"வர வைங்க தம்பி. பத்தொம்பது வருஷப் பழக்கமாமே."

கரைவரைக்கும் வந்து, மூன்று நாள் யோசித்து, வந்த வழியே திரும்பிப் போகிற பிராணி அது என்று விளக்கினேன்.

"எங்க கணக்கு வாத்தியார் மாதிரியே இருக்கே!" என்றார்.

ஜூலை 19

வண்டி பழுது என்று சொல்லிப் பார்த்தேன். சிமலோய் உடனே முட்டுவாவுக்குப் போன் போட்டாள். வண்டி குதிரை மாதிரி ஓடுகிறதாம். பாவி.

எனக்குப் பதில் நீ போ என்று அவனிடமே கெஞ்சினேன். "அஞ்சு டீச்சரா? ஆறாங்கிளாஸே தாண்டாத ஆளுண்ணே நான். என்னை விட்டுருங்க."

ஆகஸ்ட் 3

மந்தை வந்துவிட்டது. சமவெளியே கறுத்துக் கிடக்கிறது என்கிறான் முட்டுவா. எனக்கு அந்த உறுமல் மட்டும் கேட்கிறது.

ஆகஸ்ட் 16

நேற்று போய் வந்தோம். விடிந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

காலையில் தைரியமாகத்தான் ஆரம்பித்தேன். "வலது பக்கம் யானை!" வண்டிக்குள் ஐந்து போன்களும் ஒரே நேரத்தில் தூக்கப்பட்டன. கொஞ்ச நேரம் கழித்து அகினி டீச்சர் மெதுவாக, "தம்பி, அது பாறை" என்றார்.

"பாறைதான். யானை மாதிரி பாறை. அதைத்தான் சொன்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சிமலோய் சிரிக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில், தலை சுற்றுகிறது என்று சொல்லி முன் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள்.

பத்து நிமிடம் என் கண்ணையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எங்கள் மாசாய் மொழியில், வழக்கம்போல் பிள்ளை பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டு, சாலையைப் பார்த்தபடியே, "லானோய் அப்பா, இடது பக்கம், மூணாவது மரத்தடியில ரெண்டு சிங்கம். மெதுவா போங்க" என்றாள்.

பின்னால் இருக்கும் நால்வரில் ஒருவருக்கும் மாசாய் தெரியாது. நான் தொண்டையைச் செருமி, சுவாஹிலியில், "இடது பக்கம் பாருங்க, மூணாவது மரம்!" என்றேன். கைதட்டல். இப்படியே பகல் முழுவதும். அவள் முணுமுணுப்பாள், நான் முழங்குவேன். "என்ன கண்ணு தம்பி உங்களுக்கு!" என்றார் அகினி டீச்சர். சிமலோய் இருமினாள்.

பதினொரு மணிக்கு ஆற்றங்கரையில் நின்றோம். மந்தை யோசித்துக்கொண்டிருந்தது. இரண்டரைக்குத்தான் முதலாவது குதித்தது. எனக்கு ஒரு பழுப்புப் புகை சரிந்து தண்ணீரில் விழுவது போலத்தான் இருந்தது. அவள் காதோரமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு குட்டி அக்கரை ஏறியது, தாயைக் காணாமல் திரும்பவும் தண்ணீரில் இறங்கியது, தாய் இன்னும் இக்கரையில்... அதோடு பேச்சு நின்றது.

"சொல்லு, என்னாச்சு?"

"இருங்க. நானும் கொஞ்சம் பாக்குறேன்."

கன்னம் நனைந்திருந்தது. அவ்வளவு பக்கத்தில் இருப்பது எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து, "சேந்துடுச்சு" என்றாள்.

கரைக்கு வேறொரு வண்டியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தான் முட்டுவா; திரும்பும்போது வண்டியை அவனிடம் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். வீட்டில் கதவைச் சாத்திவிட்டு ஒரே கேள்வி: "எத்தனை மாசமா?"

சொன்னேன்.

"மாடு மேய்க்கிற பிள்ளை ஒண்ணு குறுக்க ஓடி வந்திருந்தா? வண்டில அஞ்சு குடும்பத்துப் பொம்பளைங்க. உங்க வீம்புக்கு நாங்களா கெடைச்சோம்?"

என்ன சொல்ல? பயம்டி, அவ்வளவுதான் — அதையும் இங்கேதான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 18

மேனேஜர் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். சிமலோய் வாசலில் நின்றாள், நான் ஓடிவிடாமல் இருக்க. மேனேஜர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். "கண்ணைச் சரி பண்ணிட்டு வாங்க, பாக்கலாம்." பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம்?

செப்டம்பர் 6

கண்புரை. இரண்டு கண்ணிலும். வலதுக்கு அறுவை முடிந்தது. முட்டுவா பார்க்க வந்தான். "சோம்பேறின்னு நெனச்சுட்டேண்ணே." "அதுவும்தான்" என்றாள் சிமலோய் உள்ளேயிருந்து.

அக்டோபர் 14

இடதும் முடிந்தது.

நவம்பர் 21

திங்கள் முதல் வண்டி தருவதாகச் சொல்லிவிட்டார்கள். மந்தை எப்போதோ தெற்கே போய்விட்டது. இனி அடுத்த வருஷம்தான்.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். சாலைத் திருப்பத்தில், வருகிற அத்தனை பேருக்கு நடுவில், சிமலோயை அடையாளம் கண்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தனியாக நடக்கும்போது அவள் பேசிக்கொண்டே வருகிறாள்! கையை ஆட்டி, தலையை ஆட்டி, யாரையோ நன்றாகத் திட்டுகிறாள். என்னைத்தான் என்று நினைக்கிறேன். இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்றே.

கதவருகே வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். "என்ன, இப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல."

சொல்லப் போவதில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாள். நாளைக்கும் நாலரைக்கு வாசலில் உட்கார வேண்டும்.