அவவுக்கு விசரில்லை

இன்று காலை பலெர்மோவின் பலாரோ சந்தையில் மரக்கறிக்காரன் ஒரு கட்டுக் காட்டுப் பெருஞ்சீரகக் கீரையை என் முகத்துக்கு நேரே நீட்டினான். வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கால் நகரவில்லை. உன் தங்கை லண்டனிலிருந்து தொலைபேசியில் அழுதபோது வராத கண்ணீர், மீன்காரர்களின் கூச்சலுக்கு நடுவே அந்தக் கீரைக்கு முன்னால் வந்தது. நீ இனி இல்லை என்பதை அப்போதுதான் நம்பினேன்.

நீ பராமரித்த கிழவி சிஞ்ஞோராவின் சூப்புக்காக இந்தக் கீரையை வாங்குவாய். "ரஷ்யாவிலை போடுறது வேறையடி. இஞ்சை அது இல்லை. வாசத்துக்கு இது காணும்" என்பாய். மொஸ்கோவில் மருத்துவம் படிக்கப் புலமைப்பரிசில் பெற்றுப் போன யாழ்ப்பாணத்துப் பிள்ளை நீ. அந்த நாடு உடைந்தபோது உன் படிப்பும் பாதியில் நின்றது. ஊரில் சண்டை; திரும்ப வழியில்லை. யாரோ ஒரு உறவினரின் தயவில் பலெர்மோ வந்து இறங்கினாய். நான் மன்னாரிலிருந்து முன்னமே வந்து, பெர்மெசோவும், அதுதான் இருக்கிற அனுமதியும், எடுத்திருந்தேன். உன்னிடம் எந்தக் கடதாசியும் இல்லை. அல்பெர்கேரியாவில் ஈரம் ஊறிய ஓர் அறையில் இருவரும் ஒண்டிக்கொண்டோம்.

உனக்கு நிலம் துடைக்கக்கூட வராது. வேலைக்குப் போன வீடெல்லாம் உன்னைத் திருப்பி அனுப்பின. அப்போதுதான் நான் துப்புரவு செய்யும் லிபெர்த்தா வீதி வீட்டில் சிஞ்ஞோராவுக்குப் பக்கவாதம் வந்தது. அவர் ரஷ்யப் பெண். இளம் வயதில் ஒரு சிசிலிக் கப்பல்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். நோய் அவருடைய இத்தாலியச் சொற்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. பிறந்த மொழி மட்டுமே மிஞ்சியது. வீட்டில் இருந்த ஒரே மகனுக்கு அது ஒரு சொல்லும் தெரியாது. என் அறைத் தோழிக்கு ரஷ்யன் தெரியும் என்று நான் சொன்னேன். மறுநாளே உன்னை வரச் சொன்னான்.

அந்த முதல் மாதங்களில் நீ எவ்வளவு சிரித்தாய்! சிஞ்ஞோரா தன் தடுமாற்றத்தைத் தானே கேலி செய்கிற மனுஷி. பொழுதுபட நீ அறைக்கு வந்ததும் அன்றைய சொல்லைச் சொல்வாய்.

"இண்டைக்கு மருந்தை ரண்டாந்தரமும் குடிக்கப் பாத்தா. பிடிச்சிட்டன். 'என்ரை கூரை நகர்ந்து போச்சு மகளே' எண்டுறா."

"கூரையோ?"

"ஓமடி. ரஷ்யன்களுக்குப் புத்தி தடுமாறினால் கூரை நகரும். கிறுக்குக் குணம் இருந்தால் தலைக்குள்ளை கரப்பான் இருக்கும். எல்லாம் குழம்பினால், மிசினுக்குள்ளை இருக்கிற இரும்புக் குண்டுகள் உருளையளுக்குப் பின்னாலை போட்டுதெண்டுவினம். ஒராள் அரைவிசரெண்டால், அவனிட்டை எல்லாரும் வீட்டிலை இல்லை."

ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் என்ன சொல்வார்கள் என்று நான் கேட்பேன். உனக்கு அது கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த மொழி. வெள்ளைக்காரனுக்குக் கரப்பான் இல்லை, கோயில் மணிக்கூண்டில் வௌவால் என்பாய். ரஷ்யனின் குண்டு உருளைக்குப் பின்னால் போனால், இவன் விளையாடுகிற கண்ணாடிப் போளைகளையே தொலைத்துவிடுவான். விளக்கு எரியும், உள்ளே ஆளிருக்காது. எங்களுக்கு மரை கழண்டால் போதும் என்று நான் சொல்வேன். உலகம் முழுக்க மனிசருக்கு விசர் பிடிக்கிறதும் அதைப் பார்த்துச் சிரிக்கிறதும் ஒன்றுதான் என்று நீ சொன்னது ஞாபகம்.

மகனும் உன்னைக் கேட்பான், அம்மா என்ன சொல்கிறாள் என்று. உன் இத்தாலியன் அப்போது அரைகுறை. நீ சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொன்னாய். கூரை நகர்கிறதாம். தலைக்குள் கரப்பான் ஓடுகிறதாம். அவன் சிரிக்கவில்லை. அப்படியே போய்த் தனக்குத் தெரிந்த ஒரு வைத்தியரிடம் ஒப்புவித்தான். தாய்க்குப் புத்தி பேதலித்துவிட்டது, இல்லாத கரப்பானைக் காண்கிறாள் என்று எழுதி வாங்கினான். அவரை எங்கேயோ ஓர் இல்லத்தில் அடைத்துவிட்டு வீட்டைத் தன் பெயருக்கு எடுப்பதுதான் அவன் எண்ணம்.

பிறகு ஒரு நாள், அவரைக் குளிப்பாட்டும்போது என்னைக் கூப்பிட்டாய். மேல்கையில் விரல்கள் பதிந்த கறுப்பு. விலாவில் பழைய மஞ்சள் காயத்துக்கு மேல் புதிய நீலம். யார் என்று நீ கேட்டாய். சிஞ்ஞோரா கதவைப் பார்த்தார். மகன் என்றார்.

நீ அவனிடமே போய்க் கேட்டாய். அவன் பதறவில்லை. "தலைக்குள் கரப்பான் ஓடுகிறது என்கிறவள் சொல்வதை யார் நம்புவார்கள்? நீதானே எனக்கு மொழிபெயர்த்தாய்?" என்றான்.

அன்று அறைக்கு வந்ததும் நீ சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டாய். "நான்தானடி அவன்ரை கையிலை கத்தியைக் குடுத்தது" என்றாய்.

அடுத்தது அந்த மத்தியானம். நான் கூடத்தில் அவனுடைய சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. எட்டிப் பார்த்தேன். அவன் தாயின் நரைத்த முடியைக் கையில் சுற்றிப் பிடித்து, தலையை அலுமாரிக் கதவில் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்கச் சொல்லிக் கத்தினான். ஒவ்வொரு அடிக்கும் அலுமாரிக்குள் கண்ணாடிக் குவளைகள் குலுங்கின.  

நீ ஓடிப்போய் நடுவில் விழுந்தாய். அவன் தாயின் ஊன்றுகோலைப் பறித்து உன் முகத்தில் வீசினான். தாடை உடைந்த சத்தத்தை நான் கேட்டேன். நீ விழவில்லை. அவருக்கு மேல் கவிழ்ந்து இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாய். அவன் உன்னைப் புரட்டி, கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தினான். உன் கால்கள் நிலத்தில் உதைத்தன, பிறகு மெல்ல ஓய்ந்துகொண்டு வந்தன.

நான் இஸ்திரிப்பெட்டியோடுதான் உள்ளே போனேன். வயர் அறுந்து இழுபட்டது. கொதிக்கிற அடிப்பக்கத்தை அவன் கழுத்திலும் காதிலும் வைத்து அழுத்தினேன். சட்டை பொசுங்கி, தோல் பொசுங்கி மணந்தது. அவன் அலறி எழுந்தான். அவன் நெற்றியில் அதை ஓங்கிப் போட்டேன். இன்று கேட்டாலும் போடுவேன்.

சிஞ்ஞோராவை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் பூட்டிக்கொண்டோம். அவன் கதவை உதைத்தான். பலகை வெடித்துச் சிலும்பு பறந்தது. நான் யன்னலால் முற்றத்துக்குக் கத்தினேன். நீ வாயில் இரத்தத்தோடு தொட்டியில் சாய்ந்திருந்தாய். அப்போது சிஞ்ஞோரா, நெற்றி பிளந்து கிடந்த அந்த மனுஷி, கதவைக் காட்டி என்னவோ சொன்னார். நீ சிரித்தாய். இரத்தம் தெறித்தது. பிறகுதான் எனக்குச் சொன்னாய், "அவனிட்டை எல்லாரும் வீட்டிலை இல்லை" என்றாராம்.

கீழ்வீட்டுக் காவல்காரன் பொலிஸைக் கூப்பிட்டான். ஆஸ்பத்திரியில் மகன் கட்டுப் போட்ட காதோடு எங்களை முந்திக்கொண்டான். வேலைக்காரிகள் தன்னைத் தாக்கினார்கள், தாய் தானாக விழுந்தாள், அவளுக்குப் புத்தி இல்லை, கேட்டுப் பாருங்கள் என்றான். பழைய வைத்தியரின் எழுத்தையும் நீட்டினான். வேலையில் இருந்த பெண் டாக்டர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, அவனை வெளியே நிற்கச் சொன்னார். காயங்களின் வெவ்வேறு நிறத்தை அவர் முதலே பார்த்திருந்தார்.

நான் உன் காதில் சொன்னேன். "பேசாமல் இரடி. உன்னட்டைப் பெர்மெசோ இல்லை. பிடிச்சு அனுப்பிப் போடுவாங்கள்."

"அனுப்பட்டும்" என்றாய், அசைக்க முடியாத வாயால். "அவ சொல்லுறது இஞ்சை எனக்கு மட்டும்தான் விளங்கும். நான் வாயை மூடினால் அவவுக்கு நாக்கே இல்லை."

டாக்டர் கேட்டார். சிஞ்ஞோரா மெதுவாகப் பதில் சொன்னார். நீ இத்தாலியனில் தொடங்கி, நிறுத்தினாய். இந்த முறை சொல்லுக்குச் சொல் சொல்ல நீ ஆயத்தமாக இல்லை. டாக்டருக்கு ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டாய். இங்கிலாந்தில் கொஞ்சக் காலம் வேலை பார்த்தேன் என்றார்.

உடைந்த தாடையோடு நீ ஒவ்வொன்றாகச் சொன்னாய். ரஷ்யனின் கரப்பான் என்றால் ஆங்கிலேயனின் வௌவால். நகர்ந்த கூரை என்றால் தொலைந்த போளைகள். அந்த எழுத்தில் இருப்பது நோய் இல்லை, நீங்களும் நானும் தினமும் பேசுகிற பேச்சு. டாக்டர் தலையாட்டினார். தன் தகப்பனைப் பற்றித் தாய் திட்டுகிற ஒரு சிசிலியச் சொல்லைச் சொல்லி, அது மாதிரியா என்றார். ஓம் ஓம் என்றாய் தமிழிலேயே.

"இப்போது அவர் என்ன சொன்னார்?"

"'என் கூரை சில நாள் நகரும்தான். ஆனால் என்னை அடிக்கிறவன் யார் என்று தெரியாத அளவுக்கு நகரவில்லை.'"

டாக்டர் பேனாவை எடுத்தார். நீ கண்ணை மூடிக்கொண்டு, என்னிடம் தமிழில் சொன்னாய்: "அவவுக்கு விசரில்லை. எழுதட்டும்."

அது அத்தோடு முடியவில்லை. குவெஸ்தூராவில், பொலிஸ் தலைமையகத்தில், நீ வாக்குமூலம் கொடுத்த பிறகு, மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் உன்னை மறித்தார்கள். ஒருவன் பிடித்துக்கொள்ள, மற்றவன் தலைக்கவசத்தால் உன் காதில் அடித்தான். பட்டப்பகல். ஆட்கள் கடைக் கதவுகளை இறக்கினார்கள். உன் இடது காது அன்றோடு போனது. யார் ஏவினார்கள் என்று எங்களுக்குத் தெரியும், நிரூபிக்க முடியவில்லை. தலையில் கட்டோடு நீ நீதிமன்றத்துக்குப் போனாய். வலது காதை நீதிபதியின் பக்கம் திருப்பி நின்று, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாய்.

அவன் சிறைக்குப் போனான். நாங்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வெளியே வந்தான். ஆனால் அந்த வீட்டு வாசற்படியை மிதிக்க அவனுக்குத் தடை. உன்னையும் யாரும் அனுப்பவில்லை. வழக்கு இழுபட்டபோது இருக்க விட்டார்கள். பிறகு கடதாசி இல்லாதவர்களுக்கு அரசு கதவு திறந்தபோது உனக்கும் பெர்மெசோ கிடைத்தது. சிஞ்ஞோரா தன் சொந்தக் கட்டிலில், உன் மடியில் தலை வைத்துப் போய்ச் சேர்ந்தார். அதுவரை அவர் மேல் ஒருவரும் கை வைக்கவில்லை. அதன் பிறகுதான் நீ லண்டனுக்குப் போனாய்.

நான் இங்கேதான். இப்போது துப்புரவு வேலை இல்லை, வயோதிபர்களைப் பார்க்கிற வேலை. லிபெர்த்தாவில் புது வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள்: அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது, அப்பா கண்டபடி பேசுவார், காதில் போட்டுக்கொள்ளாதே. நான் சரி என்று தலையாட்டுகிறேன். உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறேன். அவர்களுடைய சட்டைக் கையை மெல்ல மேலே சுருட்டிப் பார்க்கிறேன். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, சொல்லுங்கோ என்கிறேன்.