இரண்டு விரல் அகலம்

1978 செப்டம்பர் 24, ஞாயிறு

சமையலறைத் தூக்கு ஜன்னல் வேலை இன்று முடிந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது திறந்ததே இல்லை. இரண்டு பக்கக் கயிறும் அறுந்து, மேலே மேலே பூசிய பெயிண்டில் ஒட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக நின்றது. கீழ்ச் சட்டத்தின் அடிக்கட்டை இற்றுப்போயிருந்தது. விரலை வைத்தால் உள்ளே போயிற்று. வெட்டியெடுத்துப் புதுக்கட்டை சேர்த்தேன். யாரோ ஒரு காலத்தில் போட்டிருந்த தடித்த பனிக்கண்ணாடி கழற்றும்போது விரிசல் விட்டது. மெல்லிய தெளிந்த கண்ணாடி போட்டு, லப்பம் வைத்து, ஒரு வாரம் காயவிட்டேன். இன்று புதுக் கயிறு மாட்டினேன். கயிறு கப்பி மேல் ஏறிப் பக்கவாட்டுப் பெட்டிக்குள் இறங்குகிறது; நுனியில் பழைய இரும்புக் குண்டு. அது இழுக்கிற இழுப்பில்தான் ஜன்னல் ஏறும். இப்போது ஒரு விரலால் தூக்கலாம்!

பெவ் மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். "அப்பா, தோட்டம் தெரியுது, கீழ ரயில் பாதை தெரியுது. இத்தனை வருஷம் குருட்டு வீட்லயா இருந்தோம்?"

அவள் கணவன் ரஸ்ஸல் சட்டத்தைப் பிடித்துக் கொடுத்தான். மறுக்கவில்லை. பிறகு சொன்னான்: "கண்ணாடி இப்ப லேசாயிடுச்சே, மிஸ்டர் டக்கெட். குண்டு பழசுதானே, சரியா வருமா?"

"ஜன்னல் விஷயத்துல நீ கெட்டிக்காரன்னு கோர்ட்டுக்கே தெரியுமேப்பா" என்றேன்.

சிரிப்புக்காகச் சொன்னது. பெவ் மாடிக்குப் போய்விட்டாள்.

சொன்னதில் பொய் என்ன? பதினோரு மாதம் உள்ளே இருந்தது எதற்கு? கிளிஃப்டனில் பின்பக்க ஜன்னல் வழியாக நான்கு வீடு புகுந்ததற்கு. ஏப்ரலில் வெளியே வந்தான். என் மகள் கேட்டாள் என்பதற்காக மாடிப் பின்னறையைக் கொடுத்தேன். மரக்கிடங்கில் வேலைக்குப் போகிறான். நன்னடத்தை அதிகாரியிடம் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிறான். பிப்ரவரியில் குழந்தை.

செப்டம்பர் 27, புதன்

காலையில் சமையலறைக்குள் நுழைந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. ஜன்னல் திறந்திருந்தது, இரண்டு விரல் அகலம். நேற்று நான்தான் மூடினேன். மூடினேனா? மூடினேன்.

செப்டம்பர் 30, சனி

மறுபடியும். அதே இரண்டு விரல்.

பெவ்விடம் கேட்டேன். "எனக்குக் குளிருதுன்னு ரெண்டு கம்பளி போட்டுட்டுத் தூங்குறேன். நான் எதுக்குத் திறக்கப்போறேன்?"

ரஸ்ஸலிடம் கேட்டேன். "நான் இல்ல, மிஸ்டர் டக்கெட்." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கோப்பையைப் பார்த்தான். முப்பது வருடம் பேருந்தில் டிக்கெட் பரிசோதகனாக இருந்தவன் நான். டிக்கெட் இல்லாதவன் பையைத் துழாவமாட்டான். கையில் இருப்பதைத்தான் உற்றுப் பார்ப்பான்.

அக்டோபர் 3, செவ்வாய்

பக்கத்து வீட்டு திருமதி ப்ளிம்மர் மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். தெருமுனை வீட்டுக் கொட்டகையை உடைத்து ரேடியோவும் துளைபோடும் இயந்திரமும் எடுத்துப் போய்விட்டார்களாம்.

"நம்ம தெருவுல இதுவரைக்கும் இப்படி நடந்ததே இல்ல, சிரில். உங்க வீட்ல எல்லாரும் ராத்திரி நல்லாத் தூங்குறாங்களா?"

"ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான் கேட்டேன்." சும்மா கேட்கிற முகமா அது!

அக்டோபர் 6, வெள்ளி

முன்கதவு, பின்கதவு இரண்டின் தாழ்ப்பாளும் கத்தும். மாடியில் என் படுக்கையறை வரை கேட்கும். ஆகவே கதவு வழியாகப் போகமாட்டான். ஜன்னல்தான். அதற்குக் கொக்கி கிடையாது — இத்தனை காலம் தேவைப்படவில்லை. கடையில் பித்தளைக் கொக்கிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை.

நேற்றுப் படுக்கப்போகும் முன் சட்டத்துக்கும் நிலைக்கும் குறுக்கே கறுப்பு நூல் ஒன்றை ஒட்டினேன். காலையில் நூல் அறுந்திருந்தது.

அக்டோபர் 8, ஞாயிறு

ஜன்னல் திண்டில் மாவு தூவி வைத்தேன். காலையில் ஜன்னல் திறந்திருந்தது. மாவில் கைத்தடம் இல்லை, கால்தடம் இல்லை.

அப்படியென்றால்? யாரும் போகவில்லை என்று அர்த்தமா? இல்லை. மாவைப் பார்த்திருக்கிறான். தொடாமல் தாண்டத் தெரிந்தவன். தொழில் தெரிந்தவன்.

பெவ் மாவைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "இது என்னப்பா?"

"எறும்புக்கு."

"அக்டோபர்லயா?"

அக்டோபர் 11, புதன்

அவன் பூட்ஸைப் பார்த்தேன். அடியில் ஈரமண். கிடங்கு துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது, அங்கேயும் மண்தான். ஆனால் எங்கள் தோட்டத்து மண்ணும் இதே நிறம்.

நான் குனிந்திருந்தபோது படியில் நின்றிருக்கிறான். "பாலிஷ் போடறதுன்னா கறுப்பு டப்பா மேல் தட்டுல இருக்கு, மிஸ்டர் டக்கெட்" என்றான். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

கொக்கி வந்தது. மாட்டிவிட்டேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

ஐந்து நாள். ஒரு நாள்கூட ஜன்னல் திறக்கவில்லை. கொக்கி போட்டதும் நின்றுவிட்டது. இதைவிட என்ன ருசு வேண்டும்? கொக்கி மாட்டுவதை அவன் பார்த்தான்; நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டான்.

நன்னடத்தை அதிகாரி மிஸ் ஆர்க்கெலுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று தாள் கிழித்தேன். நான்காவதில் 'சமையலறை ஜன்னல் வழியாக அவர் வெளியே போவதைப் பார்த்தேன்' என்று எழுதினேன். பார்க்கவில்லைதான். ஆனால் பார்த்த மாதிரிதானே! 'சந்தேகப்படுகிறேன்' என்று எழுதினால் யார் மதிப்பார்கள்?

பெவ்வுக்காகத்தான். பிறக்கப்போகும் குழந்தைக்காகத்தான்.

தபாலில் போட்டாயிற்று.

அக்டோபர் 25, புதன்

மிஸ் ஆர்க்கெல் மரக்கிடங்குக்குப் போய் விசாரித்திருக்கிறார். ரஸ்ஸல் ஜெயிலில் இருந்தவன் என்பது முதலாளிக்கு மட்டும் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியாது. இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மத்தியானமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். பெவ் கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரே வந்து நின்றாள்.

"பார்த்தீங்களா?"

"என்ன?"

"இவர் ஜன்னல்ல இறங்கிப் போனதைப் பார்த்தீங்களான்னு கேக்குறேன். கண்ணால பார்த்தேன்னு எழுதியிருக்கீங்களாமே."

"பெவ், உட்காரு. உன் உடம்புக்கு—"

"என் உடம்பை விடுங்க! நாலு மாசமா எனக்குத் தூக்கம் சரியில்ல. அவர் புரண்டு படுத்தாக்கூட எனக்குத் தெரியும். எந்திரிச்சு எங்கயும் போகல. நான் சொல்றேன், போகல. போதுமா?"

"நீ அவன் பொண்டாட்டி. நீ அப்படித்தான் சொல்லுவ."

அவள் முகம் — எழுத வேண்டாம்.

ரஸ்ஸல் இரண்டு பெட்டியோடு கீழே வந்தான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அறை குடுத்ததுக்கு நன்றி, மிஸ்டர் டக்கெட்" என்றான். அவ்வளவுதான். போய்விட்டார்கள்.

போகட்டும். நான் என்ன தப்பு செஞ்சேன்? என் வீடு. என் ஜன்னல்.

அக்டோபர் 26, வியாழன்

ஒருவருக்கு மட்டும் தேநீர் போடும்போது எவ்வளவு இலை என்று தெரியவில்லை. கசந்தது.

நவம்பர் 4, சனி

திருமதி ப்ளிம்மர்: "பெட்மின்ஸ்டர்ல ஒரு ரொட்டிக்கடைக்கு மேல ஒத்தை ரூம் எடுத்திருக்காங்களாம். நீங்க பண்ணினது சரிதான், சிரில். இப்ப நிம்மதியாத் தூங்கலாம்."

தூங்கவில்லை.

நவம்பர் 18, சனி

ஜன்னலுக்குக் கடைசிப் பூச்சு. கொக்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் பூசினேன். காய்வதற்காகத் திறந்தே வைத்திருந்து சாயங்காலம் மூடினேன்.

நவம்பர் 19, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் ஒரு மணி. மேஜையில் உட்கார்ந்து ரொட்டியும் ஹாமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் மூடியிருந்தது. பாதை வேலைக்காகக் கல் ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று கீழே போயிற்று. அந்த மாதிரிக் கனத்த வண்டி எப்போதும் விடியுமுன் போகும், நான் தூக்கத்தில் இருப்பேன். கோப்பைகள் தட்டில் கிணுகிணுத்தன. அப்போது கீழ்ச் சட்டம் ஒருமுறை அதிர்ந்தது. அதிர்ந்து, ஏறியது. கை படாமல், மனிதன் இல்லாமல், மெதுவாக, இரண்டு விரல் அகலம் ஏறி, நிலையில் பழைய பெயிண்ட் தடித்திருந்த இடத்தில் நின்றது.

ரொட்டியைத் தட்டில் வைத்தேன்.

எழுந்து மூடினேன். தரையில் காலை ஓங்கி மிதித்தேன். ஏறியது. மூடினேன், மிதித்தேன். ஏறியது. அறுபத்தொரு வயதுக்காரன் சமையலறையில் குதித்துக்கொண்டிருந்தேன்.

பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிக் குண்டுகளை வெளியே எடுத்தேன். குளியலறை எடைக்கருவியில் வைத்தேன். இரண்டும் சேர்ந்து இருபத்திரண்டு பவுண்டு. சட்டத்தை இறக்கி வைத்தேன். பத்தொன்பது. அந்தத் தடித்த கண்ணாடிக்காகத் தொங்கவிட்ட குண்டு; கண்ணாடி போய்விட்டது, குண்டு அப்படியே. ஜன்னலைவிடக் குண்டு கனம். எப்போது விட்டாலும் இழுக்கும். கொக்கி பிடித்திருந்தால் நிற்கும். இவ்வளவுதான்.

முதல் நாளே கேட்டான். சரியா வருமா என்று கேட்டான்! நான் என்ன சொன்னேன்?

ஐயோ பெவ்.

நவம்பர் 20, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

குண்டு இரண்டையும் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு நன்னடத்தை அலுவலகத்துக்குப் போனேன். பேருந்தில் பழைய நடத்துநர் ஒருவன், "என்ன சிரில், பையில பிணமா?" என்றான். சிரிக்க முடியவில்லை.

மிஸ் ஆர்க்கெலுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மேஜைமேல் குண்டை வைத்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கண்ணாடி, கயிறு, ரயில், நூல், மாவு. மாவு என்றபோது அவர் உதடு துடித்தது; சிரிப்பை அடக்கினார். பிறகு கோப்பைத் திறந்தார். சிரிப்பு போய்விட்டது.

"ஜன்னல் தானா ஏறுச்சு. சரி. ஆனா நீங்க 'பார்த்தேன்'னு எழுதியிருக்கீங்களே, மிஸ்டர் டக்கெட். எதைப் பார்த்தீங்க?"

"ஒண்ணையும் பார்க்கல."

"அப்ப இது பொய்."

"ஆமா."

"இந்த ஒரு வரியை வச்சுக்கிட்டுத்தான் நான் கிடங்குக்குப் போனேன். இதை வச்சே அவரைத் திரும்ப உள்ள அனுப்பியிருக்கலாம், தெரியுமா?"

தாளை நீட்டினார். 'பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதினேன்' என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோப்பில் சேரும், ரஸ்ஸலுக்கும் காட்டுவேன் என்றார். காட்டுங்கள் என்றேன்.

எழுந்தபோது, "பையை மறந்துட்டீங்க" என்றார்.

நவம்பர் 23, வியாழன்

பெட்மின்ஸ்டர். ரொட்டிக்கடைக்குப் பக்கத்துப் படி. பெவ் சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தாள். அரை முகம்தான் தெரிந்தது. ரஸ்ஸல் வேலை தேடிப் போயிருந்தான். அந்தச் சந்துக்குள் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

முடித்ததும் சொன்னாள்: "ஜன்னல் சொன்னதும் நம்பிட்டீங்க. நான் சொன்னப்ப நம்பலையே."

கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான்.

டிசம்பர் 3, ஞாயிறு

திருமதி ப்ளிம்மரிடம் ஜன்னல் கதையைச் சொன்னேன். "அது சரி, அப்ப ரேடியோவை யாரு எடுத்தா?" என்றாள்.

"தெரியாது" என்றேன்.

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாது." வாழ்க்கையில் இந்த வார்த்தையை நான் அதிகம் சொன்னதில்லை.

டிசம்பர் 20, புதன்

மரக்கிடங்கு முதலாளியைப் பார்த்தேன். நின்றபடியே கேட்டார். வேலையைத் திருப்பிக் கொடுக்க முடியாது, ஆட்கள் அவனோடு நிற்கமாட்டார்கள் என்றார். "நீங்க அன்னைக்கு எழுதாம இருந்திருக்கலாம்." ஆமாம்.

1979 ஜனவரி 16, செவ்வாய்

மிஸ் ஆர்க்கெல் இரண்டு வரி எழுதியிருந்தார். என் புகார் ரத்து. ரஸ்ஸலுக்குப் படகு பழுதுபார்க்கும் இடத்தில் வேலை. முதலாளிக்கும் மேஸ்திரிக்கும் முன்கூட்டியே எல்லாம் சொல்லிவிட்டுத்தான் சேர்ந்திருக்கிறானாம்.

பிப்ரவரி 15, வியாழன்

பெண் குழந்தை. திங்கட்கிழமையே பிறந்துவிட்டது. எனக்குச் சொன்னது ரொட்டிக்கடைக்காரி.

மார்ச் 14, புதன்

தபால் அட்டை. 'சனிக்கிழமை மூணு மணிக்கு வரலாம். பெவ்.'

'வாங்க' இல்லை. 'வரலாம்.'

மார்ச் 17, சனி

இரண்டரைக்கே போய்த் தெருவில் நின்றேன். மூன்றடித்ததும் ஏறினேன். படிக்கட்டடியில் குழந்தைக்கான புதுத் தள்ளுவண்டி ஒன்று, நல்ல விலை உயர்ந்தது. இது எங்கிருந்து வந்தது என்று மனம் ஓடியது. ஓடியதை எழுதி வைக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ரஸ்ஸல்தான் கதவைத் திறந்தான். இந்தத் தடவை சங்கிலி இல்லை.

"வாங்க, மிஸ்டர் டக்கெட். பார்த்து நடங்க, துணி காயுது."

பேசுவதற்காக மனப்பாடம் செய்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. "ரஸ்ஸல், நான் பொய் எழுதினேன்" என்றேன்.

"படிச்சேன்" என்றான். "ரெண்டு கடிதத்தையும்." நான் கழற்றிய கோட்டை வாங்கிக்கொண்டான். பிறகு கதவுக்குப் பின்னால் மாட்டினான்.

குழந்தைக்கு ஹெதர் என்று பெயர். பெவ் என் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு நகராமல் பக்கத்திலேயே நின்றாள், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். "தலையைப் பிடிங்க. அப்படி இல்ல. ம்." அதற்கு மேல் என்னிடம் அதிகம் பேசவில்லை. ஆனால் போகச் சொல்லவுமில்லை.

மேஜையில் பாதி எழுதிய கடிதம் ஒன்று பேனாவோடு கிடந்தது. நான் படிக்க முயலவில்லை. கண் அந்தப் பக்கம் போனது, அவ்வளவுதான். ரஸ்ஸல் பார்த்துவிட்டான். கடிதத்தை எடுத்து, நான்காக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பிறகு எத்தனை சர்க்கரை என்று கேட்டான். இரண்டு என்றேன்.